ஒரே ஒரு ரிங்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பை மாட்டியிருக்கிறார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் சத்தம் எழுப்பக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, கம்பளம் தட்டக் கூடாது, வாத்தியம் வாசிக்கக் கூடாது. இதற்கு மிட்டாக்ஸ்ரூவ என்று பெயர், மதிய அமைதி என்று அர்த்தம். ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்கு வந்த புதிதில் இதை நான் வேடிக்கை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மதியம் மிருதங்கத்தை மடியில் கிடத்தி, சிறு கட்டையை விளிம்பில் வைத்துக் கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துக் கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டு ஃப்ராவ் லிண்ட்னர் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சமாதானம் சொல்வதாக நினைத்து, "எங்கள் ஊரிலும் தட்டக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்" என்றேன் அரைகுறை ஜெர்மனில். ஏன் என்று கேட்டார். "வெடித்துவிடும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "க்ரீக்?" என்று மெல்லக் கேட்டார். போரா என்கிறார். இல்லை, பட்டாசு என்று விளக்க எனக்கு அன்றைக்கு வார்த்தை போதவில்லை. அன்றிலிருந்து அவர் என்னைப் போரில் தப்பி வந்தவனாகவே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள் கேக் கொண்டுவந்து தருவார். நானும் திருத்தவில்லை. கேக் நன்றாக இருந்தது.

சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தீப்பெட்டி, பாதிப் பேருக்குப் பட்டாசு. பட்டாசுக் கம்பெனியில் இரும்புச் சாமான் ஆகாது, பொறி பறந்துவிடும். பித்தளை, மரம், இவைதான். எதையும் கீழே போடக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது, ஒன்றோடொன்று உரசக் கூடாது. இருபது வருடம் அப்படி வேலை பார்த்த பெண்களுக்கு வீட்டிலும் கை அப்படியே பழகிவிடும். என் அக்கா செல்வி ஒரு பாத்திரத்தைச் சத்தம் வர வைத்து நான் கேட்டதில்லை. குடத்தைக்கூடப் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்குவாள். அந்த வீட்டில் போய் நான் பிறந்தேன். எனக்குக் கை சும்மா இருக்காது. தட்டில், கதவில், தகர டப்பாவில், எங்கே இடம் கிடைத்தாலும் தட்டுவேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே "ஏலே, தட்டாதலே" என்று சீறுவாள். தகர டப்பாவில் என்ன வெடிமருந்தா இருக்கிறது என்று எதிர்த்துக் கேட்டால் முதுகில் ஒன்று விழும். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள்தான் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலை நீட்டுவாள். "இங்கன தட்டு, சத்தம் வராது" என்பாள். அவள் முழங்காலுக்கு மேலே தட்டித்தான் நான் கணக்குக் கற்றேன். அவள் மடியில் சரம் பின்னிக் கொண்டிருப்பாள், நான் தொடையில் தட்டிக் கொண்டிருப்பேன். அந்த வயதில் சரவெடிக்குத் திரி பின்னுகிறவள் விரல்களும் தாளம் போடுகிறவன் விரல்களும் ஒரே வேலையைச் செய்வதாகவே எனக்குத் தோன்றும்.

விருதுநகரில் இசைப்பள்ளி இருக்கிறது, விண்ணப்பம் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, அக்காதான் என்னைக் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். விண்ணப்பத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துத்தான் இருக்கிறது. அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை, சென்னையில் ஒரு வயலின்காரரோடு ஊர் சுற்றியதில் ஜெர்மனி என்று வாழ்க்கை போய்விட்டது. இங்கே வந்தபின் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றேன். முதலில் எனக்குப் பெரிய ஆச்சரியம், இவர்கள் மௌனத்தையும் எழுதி வைப்பதுதான். ஒரு செல்லோக்காரர் நாற்பது தாளச் சுற்றுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைப்போம். உள்ளே எண்ணிக் கொண்டிருப்பார், நாற்பத்தொன்றில் சரியாக வில்லை வைப்பார். நாம் என்றால் மௌனத்தையும் கையால் போட்டுக் காட்டுவோம், விரலை மடக்குவோம், பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டுவோம். இவர்களிடம் ஒரு அசைவும் கிடையாது. இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே பக்கத்தில் எழுத முடியுமா என்று பார்ப்பதே என் பிழைப்பாயிற்று. மிருதங்கத்தோடு தந்தி வாத்தியங்கள், ஏழு அட்சர மிஸ்ர சாப்பில் வயோலாக்கள் என்று ஏதேதோ எழுதினேன். சில அரங்குகளில் வாசித்தார்கள். எழுதுகிறவன், வாசிக்கிறவன் இரண்டும் நானே. அக்காவுக்கு ஒவ்வொன்றின் லிங்க்கையும் அனுப்புவேன். "வெள்ளைக்காரவுக எல்லாம் ஒன்னயப் பாத்துக்கிட்டே வாசிக்காகல்ல, அது போதும்" என்று ஒரே விமர்சனத்தை எல்லாவற்றுக்கும் சொல்வாள்.

இனி அந்த ரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஓரிடத்தில் வெடித்தால் சுற்றுப்பட்டி எல்லாவற்றுக்கும் கேட்கும். கேட்டதும் பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். அடுத்த நிமிடம் எல்லோரும் எல்லோருக்கும் ஃபோன் போடுவார்கள், ஒருவருக்கும் லைன் கிடைக்காது. அதற்கு அக்கா ஒரு வழி சொன்னாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அதே வழக்கம் இருந்தது. "நல்லா இருக்கிறவுக ஒரே ஒரு ரிங்கு விட்டுட்டு வச்சிரணும். எடுக்கவும் கூடாது, திருப்பி அடிக்கவும் கூடாது. நாம பேசிக்கிட்டிருந்தா லைன் அடைபட்டுரும், அடுத்தவுக பிள்ளைக்குக் கெடைக்காது." அவ்வளவுதான் சட்டம். ஒரு ரிங் என்றால் நான் இருக்கேன் என்று அர்த்தம். கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அக்காவின் ஃபோன் வீட்டில்தான் கிடக்கும். எங்காவது வெடித்தால் பக்கத்துக் கம்பெனிகளையும் அடைத்து ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அவள் நடந்து வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக ஒரு ரிங் விடுவாள். நான் ஜெர்மனிக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது, வாட்ஸ்அப்பில். இங்கே என் ஃபோன் ஒரு முறை மணியடித்து அடங்கும். ஊரில் எங்கோ என்னவோ நடந்திருக்கிறது, அக்கா இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். ராத்திரி அவளே கூப்பிட்டு, செத்தவர்கள் எந்த ஊர் என்று சொல்வாள். எனக்கு வரும் அழைப்புகளிலேயே நான் எடுக்காமல் சந்தோஷப்படுவது அது ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கும் சீசன். காலை பத்து மணிக்கு இங்கே ஒத்திகை தொடங்கியது. பத்து இருபதுக்கு, வாத்தியங்களுக்குச் சுருதி திருத்த நிறுத்தியபோது, என் ஃபோன் ஒரு முறை அடித்தது. அக்காவின் பெயர். ஒரே ஒரு ரிங். நான் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த வயலின்காரப் பெண் நல்ல செய்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நன்றாக வாசித்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், கூப்பிட்டார். விருதுநகர் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், ஃபோனில் அதிகம் பேசமாட்டார். "பாண்டி, ஏரோப்ளேன் ஏறிட்டியா?" என்றுதான் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "ஈஸ்வரி ஒனக்கு அடிச்சிட்டேன்னு சொன்னாளே. நீ கெளம்பியிருப்பேன்னு இருந்தோம்" என்றார். ஈஸ்வரி அவர்களுடைய ஒரே மகள், அப்போது பதினெட்டு வயது. அதற்குப் பிறகுதான் அக்கா போய்விட்டதைச் சொன்னார். சாத்தூர் போகும் வழியில் உள்ள கம்பெனி. மதியம் ஒன்றரைக்கு, அக்கா இருந்த அறையில். அதாவது ஜெர்மனி நேரம் காலை பத்து மணிக்கு. சத்தம் கேட்டதும் ஈஸ்வரி தெருவுக்கு ஓடி, புகை அம்மாவின் கம்பெனிப் பக்கம் எழும்புவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கிடந்த ஃபோனை எடுத்து எனக்கு அடித்திருக்கிறாள். ஒரு ரிங் போனதும் நெட்வொர்க் அறுந்துவிட்டது. திரும்ப அடிப்பதற்குள் யாரோ அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார்கள்.

வெடித்து இருபது நிமிடத்தில் வந்த ரிங் அது. கம்பெனியிலிருந்து அக்கா வீட்டுக்கு நடக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். அந்த ரிங்கை அவள் விட்டிருக்கவே முடியாது. ஒரு செய்தித்தளத்தைத் திறந்து நேரத்தைப் பார்த்திருந்தால் போதும். கணக்குத்தான் என் தொழில். ஒன்றரை அட்சரம் தள்ளிப் பாட்டை எடுத்தாலும் பிசகாமல் தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து சேர்வேன். அன்றைக்கு இருபது நிமிடத்தை எண்ண எனக்குத் தெரியவில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

பத்து மணிக்கே எனக்குத் தெரிந்திருந்தால் அன்று மதிய விமானத்தைப் பிடித்து மறுநாள் மதியத்துக்குள் மதுரையில் இறங்கியிருக்கலாம். மறுநாள் காலை விமானம்தான் கிடைத்தது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். உடன்பிறந்தவன் புதுச்சேலை எடுத்து வந்து அவள் மேல் போர்த்தாமல் தூக்கக் கூடாது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள், அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத்துணியில் சுற்றித் தந்த உடம்பை வைத்துக்கொண்டு மறுநாள் மூன்று மணி வரை காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் வைக்க முடியாது என்று, காரியாபட்டியில் இருக்கும் சித்தப்பா மகனை ஒரு சேலை எடுத்துவரச் சொல்லி அவன் கையால் போர்த்தியிருக்கிறார்கள். என்ன நிறம் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

நான் மூன்றாம் நாள் காலை வீட்டு வாசலில் இறங்கினேன். உள்ளே அத்தானின் தங்கை, எல்லோர் முன்னாலும் ஈஸ்வரியைக் கடிந்து பேசிக் கொண்டிருந்தாள். "ஒரு ரிங்குன்னா அது நல்ல சேதில்லா? ரெண்டாவது ஒரு தடவ அடிச்சிருந்தா மாமன் வந்திருப்பாகல்ல? ஒங்கம்மா பெறந்தவீட்டுக் கோடி இல்லாம போயிட்டாளே" என்றாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் இருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே, "எனக்கு ரிங்கே வரல. ஃபோன் ஆஃப்ல கெடந்துச்சு. நூறு தடவ அடிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றேன். ஈஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக் கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். அக்கா செத்துக் கிடக்கையில் ரிங்கைப் பார்த்துச் சிரித்தவன் நான் என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பொய் சொல்லிவிட்டு மொட்டை போட உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பினேன் என்று இந்த இடத்தில் எழுத வந்தது. பிரேமனுக்கு வந்ததைத்தான் அப்படிச் சொல்ல வந்தேன், பாருங்கள். வந்து ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை. பிறகு இங்குள்ள பதினான்கு பேர் கொண்ட ஒரு தந்தி வாத்தியக் குழு, அக்காவின் நினைவாக ஒன்று எழுதித் தரச் சொன்னது. எழுதினேன். ஒரு வயோலா வில்லைத் தொடாமல் விரலால் ஒரு தந்தியை ஒரே ஒரு முறை சுண்டும். அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம், தகிட தகதிமி என்று மிஸ்ர சாப்பில், எல்லா வாத்தியங்களும் குதித்துக்கொண்டு ஓடும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுவதுபோல் ஒரு வேகம். மிருதங்கம் அதன் மேல் சந்தோஷமாக வாசித்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு கோர்வை, முடிப்பதற்கான தாளக் கட்டு. கோர்வையை மூன்று முறை வாசித்து முடிப்பது நம் வழக்கம். இதில் இரண்டாவது முறை முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். மூன்றாவது கிடையாது. பிரேமனில் யாருக்கும் மூன்றாவது ஒன்று வரவேண்டும் என்பதே தெரியாது.

குழுவை நடத்துகிற யொஹான்னா முதல் ஒத்திகையில் நிறுத்திவிட்டார். "இது ட்ரவர்மூஸிக், துக்க இசை. நீங்கள் போட்டிருக்கும் வேகம் தவறுதலாக விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். தவறில்லை என்றேன். இந்தியாவில் சாவைக் கொண்டாடுவார்கள் என்று தான் படித்திருப்பதாகச் சொன்னார். அதுவும் இல்லை என்றேன். "பிறகு ஏன் இது இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது?" என்றார். பதினான்கு பேரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "ஏனென்றால் நான் சந்தோஷமாக இருந்தேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரிங்கின் சட்டம், பத்து இருபது, சிரித்தது, ஆறு மணி, வாசலில் சொன்ன பொய் எல்லாம். அழவில்லை, திக்கவில்லை. வினைச்சொற்கள்கூடச் சரியான இடத்தில் வந்து விழுந்தன. ஜெர்மனில் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு அக்கா இருந்ததில்லை, அந்த மொழியில் என்னை யாரும் ஏலே என்று கூப்பிட்டதில்லை. கச்சேரி அன்று இசைக்கு முன்னால் பார்வையாளர்களிடம் இதைச் சொல்ல முடியுமா என்று யொஹான்னா கேட்டார். முடியும் என்றேன்.

சொன்னேன். முந்நூறு பேர் இருமாமல் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் வெகுநேரம் கைதட்டினார்கள். ஃப்ராவ் லிண்ட்னர் வந்திருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் மேல் குற்றமில்லை, போரில் இப்படி எத்தனையோ நடக்கும்" என்றார். இத்தனை வருடம் கேக் சாப்பிட்டதற்கு வட்டி என்று நினைத்துக்கொண்டேன். சில நாளில் அந்தக் கச்சேரியை அரங்கத்தார் இணையத்தில் ஏற்றினார்கள். பழக்க தோஷம், லிங்க்கை ஈஸ்வரிக்கு அனுப்பிவிட்டேன். அக்காவுக்கு அனுப்பிக் கொண்டிருந்ததை இப்போது அவளுக்கு அனுப்புகிறேன். பாட்டு மட்டும் கேட்பாள் என்று நினைத்தேன். அதன் முதல் பத்து நிமிடம் நான் நின்று பேசுவது என்பதோ, அந்த ஜெர்மன் பேச்சின் அடியில் தானாகவே தமிழில் எழுத்து ஓட வைக்கலாம் என்பதோ எனக்கு உறைக்கவில்லை. ஈஸ்வரி இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறாள். நாளெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள். எப்போதும் உடனே இதயப் படம் ஒன்று அனுப்புவாள். இந்த முறை பன்னிரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது. "மாமா, எப்ப ஊருக்கு வாரீக?"

அவளுக்கு வரும் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் எங்களில் பெண்ணை மணையில் உட்கார வைக்கமாட்டார்கள். கோடியைத் தவறவிட்டவன் மாலையையாவது போட வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக் கொண்டிருந்தேன். இனி அவள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு அந்த ஊரில் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. அடுத்த வாரமே கிளம்பினேன். விருதுநகர் ஜங்ஷனில் இறங்கி, பஸ் ஏறி, காலை பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அத்தான் மண்டிக்குப் போயிருந்தார். ஈஸ்வரி லீவு போட்டிருந்தாள். "வாங்க மாமா. சாப்பிட்டீகளா?" என்றாள். தட்டை வைத்து இட்லி வைத்தாள். அவளும் பாத்திரத்தைச் சத்தம் வராமல்தான் வைக்கிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை சட்னியை ஊற்றிக்கொண்டே நின்றாள்.

பிறகு எதிரே உட்கார்ந்தாள். "ஃபோன் ஆஃப்ல இருந்தா ரிங்கு போகாது மாமா. காலிங்குன்னுதான் காட்டும். அன்னைக்கு எனக்கு ரிங்கிங்குன்னு காட்டுச்சு. நீங்க பொய் சொல்றீகன்னு வாசல்ல வச்சே எனக்குத் தெரியும்" என்றாள்.

ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"எனக்காகத்தான் சொல்றீகன்னு நெனச்சேன். அத்தை வாய அடைக்க. ஒரு நா நீங்களே என்கிட்ட வந்து சொல்லுவீகன்னு இருந்தேன். மூணு வருசம். நீங்க அங்கன உள்ளவுகளுக்குச் சொல்லியிருக்கீக. முந்நூறு பேருக்கு. அம்மா செத்ததையும் ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறகுதான் எனக்குச் சொன்னாக. இதையும் அப்படித்தான் தெரிஞ்சிக்கிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தமிழ்ல சொல்ல வரல, தாயி" என்றேன்.

"இப்ப சொல்லுங்க. அந்த ரிங்கு வந்ததும் என்ன நெனச்சீக?"

அந்த ஒரு வாக்கியத்தை நான் தமிழில் அதுவரை சொன்னதில்லை. ஜெர்மன் வார்த்தைதான் முதலில் வாய்க்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "அக்கா இருக்கான்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு. சிரிச்சேன்" என்றேன். சொன்னதும் மூன்று வருடமாக வராத அழுகை வந்துவிட்டது. இட்லித் தட்டுக்கு முன்னால் எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து வந்து தேற்றவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். நான் அடங்கும் வரை ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"சாயந்தரம் ஆறு மணி வரைக்குமா?" என்று கேட்டாள்.

"ஆறு மணி வரைக்கும்."

விரல் விட்டு எண்ணினாள். "எட்டு மணி நேரம்" என்றாள். பிறகு, "எங்களுக்கெல்லாம் அம்மா ஒன்றரைக்கே போயிட்டா. அப்பாவுக்கு, எனக்கு, தெருவுக்கு, எல்லாருக்கும். ஒங்களுக்கு மட்டுந்தான் பொழுதடையிற வரைக்கும் உசுரோட இருந்திருக்கா. அம்புட்டு நேரமும் அம்மா ஒங்க ஊர்ல இருந்திருக்கா" என்றாள். விரித்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "அங்கன என்ன செஞ்சா மாமா?" என்று கேட்டாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். காலையில் ஒத்திகை நடந்தது, வெளியே நல்ல வெயில் என்றேன். மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்து, கூட வாசிப்பவர்கள் சிலரோடு வேஸர் ஆற்றங்கரைக்குப் போனோம் என்றேன். அங்கே ஒரு வண்டியில் ரொட்டிக்கு நடுவில் மீனை வைத்துத் தருவார்கள். வெங்காயம் அதிகம் போட்டார்கள். அக்கா இருந்தால் இந்த மீனை வறுக்காமல் எப்படித் திங்கிறாகளோ என்று கேட்பாள் என்று நினைத்துச் சிரித்தேன். படகில் ஒரு கல்யாணக் கோஷ்டி போனது, மணப்பெண் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கையாட்டினாள். நாங்களும் கையாட்டினோம். மூன்று மணிக்குமேல் சைக்கிளை உருட்டிக்கொண்டே பாலத்தைக் கடந்தோம். வழியில் ஒரு கடையில் ஊதா நிறத்தில் குளிருக்குப் போடுகிற சால்வை ஒன்று தொங்கியது. அக்காவுக்கு எதற்கு, சிவகாசி வெயிலுக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு எடுத்திருக்கலாம் என்று கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். அதற்குள் கடையை அடைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஐந்தரைக்குத் தேநீர் போட்டேன். ராத்திரி அவள் கூப்பிடும்போது அந்த மணப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அம்மா வெளியூர் போய்வந்த கதையைக் கேட்பதுபோல் கேட்டுக் கொண்டிருந்தாள். படகு எம்புட்டுப் பெரிசு என்று இடையில் ஒரு தடவை கேட்டாள். நான் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.